பெட்டியின் வயது அடியில் தெரியும்

ரயில்வே கேட் மூடியதும் பைக்கை அணைத்துவிட்டு எல்லோரும் ஜன்னல்களைப் பார்ப்பார்கள். கூட்டம் எப்படி இருக்கிறது, ஏசி பெட்டி எத்தனை, தெரிந்த முகம் ஏதாவது போகிறதா என்று. நான் ஜன்னலுக்குக் கீழே பார்க்கிறவன். இரண்டு போகிகளுக்கு (பெட்டியைத் தாங்கும் சக்கரச் சட்டங்களுக்கு) நடுவே தொங்கும் பேட்டரிப் பெட்டி, காற்றுத் தொட்டி, பிரேக் சிலிண்டர், இவற்றையெல்லாம் இணைத்து ஓடும் இரும்புத் தண்டுகள், குழாய்கள். ரயில் மாடல் செய்கிற யாருக்கும் ஒரு கட்டத்தில் இந்தப் பார்வை வந்தே தீரும். வந்த பிறகு, மேலே அழகாகவும் கீழே வெறுமையாகவும் இருக்கிற பெட்டியை மேஜையில் ஓடவிட மனசு ஒப்பாது.

ஹெச்ஓ அளவில், பெரம்பூர்த் தொழிற்சாலையின் பழைய வடிவமான ஐசிஎஃப் பெட்டிகளின் அடிச்சட்டத்தை எப்படித் திருத்திச் செய்யலாம், அதற்கு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி வட்டாரத்திலேயே என்னென்ன கிடைக்கிறது என்பதுதான் இந்தப் பதிவு. மாடல் ரயில் பழக்கமில்லாதவர்களும் படிக்கலாம். அடுத்த தடவை பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறும்போது குனிந்து பார்க்க ஒரு காரணம் கிடைக்கும்.

முதலில் அளவுகள். ஹெச்ஓ என்றால் அசலில் 87இல் ஒரு பங்கு. ஐசிஎஃப் பெட்டியின் உடல் நீளம் 21,337 மி.மீ.; மாடலில் 245 மி.மீ. அகலம் 3,245, மாடலில் 37 சொச்சம். இரண்டு போகிகளின் மையங்களுக்கு இடையே 14,783, மாடலில் 170. ஒரு போகியில் அச்சுக்கும் அச்சுக்கும் இடையே 2,896, மாடலில் 33.3. புதுச் சக்கரத்தின் விட்டம் 915; மாடலில் 10.5. இந்த ஐந்து எண்களையும் வேலை செய்கிற மேஜையின் முன் சுவரில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். மற்ற எல்லா அளவையும் இவற்றிலிருந்தே எடுத்துவிடலாம். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

கடையில் கிடைக்கும் இந்தியப் பெட்டி மாடல்களின் மேல்பாகம் இப்போதெல்லாம் நன்றாகவே வருகிறது. ஜன்னல் கம்பிகள், கூரையின் காற்றுப்போக்கிகள், பெயர்ப்பலகை எல்லாம் சரியாக இருக்கும். கவிழ்த்துப் பார்த்தால் நடுவில் ஒரு செவ்வகக் கட்டி, அதன் பக்கத்தில் ஒரு உருளை. ஸ்லீப்பர், ஏசி, லக்கேஜ் வேன் எல்லாவற்றுக்கும் ஒரே அச்சில் வார்த்த ஒரே அடிப்பாகம். சிலவற்றில் அது ஐரோப்பியப் பெட்டியின் அடிப்பாகமாகவே இருக்கும். நான் இதைச் சின்னக் குறை என்று எடுத்துக்கொள்வதில்லை. ஒரு பெட்டிக்கு வெளிப்பூச்சை எந்த வருஷமும் மாற்றலாம். செங்காவி நீலமாகும், நீலம் வேறொன்றாகும். அடிப்பாகம் அப்படியல்ல. பிரேக் முறை மாறும்போது, மின்சாரம் எடுக்கும் முறை மாறும்போது, கழிவறை முறை மாறும்போதுதான் அது மாறும். ஆகவே ஒரு பெட்டி எந்தக் காலத்தது, எந்தப் பாதையில் ஓடியது என்பதை அடியில் இருப்பவைதான் சரியாகச் சொல்லும்.

நம் பாதையையே எடுத்துக்கொள்வோம். விருதுநகரிலிருந்து திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் தென்காசிக்குப் போகும் இந்தப் பாதை 1927இல் மீட்டர் கேஜாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து வரும் கொல்லம் மெயில் இந்த வழியாகத்தான் செங்கோட்டை போய் மலையேறும். இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டுக்குள் விருதுநகர்–தென்காசிப் பகுதி அகலப்பாதையானது. ஒரே ஊர், ஒரே ஸ்டேஷன். ஆனால் மாடலில் 1985இன் ராஜபாளையமும் 2010இன் ராஜபாளையமும் 2024இன் ராஜபாளையமும் மூன்று வேறு வேலைகள்.

மீட்டர் கேஜ் காலத்துப் பெட்டி என்றால் வேக்குவம் பிரேக். அடியில் பெரிய உருண்ட சிலிண்டர்கள் தொங்கும். ஏன் பெரிது என்று புரிந்துகொண்டால் அளவு மறக்காது. வேக்குவம் பிரேக்கில் வேலை செய்வது வெளிக்காற்றின் அழுத்தம்தான். குழாயில் 510 மி.மீ. பாதரச அளவுக்கு வெற்றிடம் உண்டாக்குவார்கள். அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 0.7 கிலோகூட வராது. ஏர் பிரேக்கில் பிரேக் குழாயில் 5 கிலோ, சிலிண்டரில் அதிகபட்சம் 3.8 கிலோ அழுத்தம் இருக்கும். கிட்டத்தட்ட அதே விசை வேண்டுமென்றால் வேக்குவம் சிலிண்டரின் பரப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு பெரிதாக இருக்கவேண்டும். விட்டம் இரண்டு மடங்குக்கு மேல். மாடலில் சிலிண்டர் பருமனை மட்டும் சரியாக வைத்துவிட்டால், ரயில் தெரிந்தவர் தூரத்திலிருந்தே "இது வேக்குவம் வண்டி" என்று சொல்லிவிடுவார்.

ஏர் பிரேக் ஐசிஎஃப் பெட்டியில் அடிச்சட்டத்தில் 355 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டர் இரண்டு, 200 லிட்டர் துணைக் காற்றுத் தொட்டி ஒன்று, டிஸ்ட்ரிபியூட்டர் வால்வு, நீள நெடுக இரண்டு குழாய்கள். பெட்டியின் முனையில் அவற்றின் ஆங்கிள் காக்குகளுக்கு நிறமும் வேறு: பிரேக் பைப் பச்சை, ஃபீட் பைப் வெள்ளை. பிற்காலத்துப் பெட்டிகளில் இந்தச் சிலிண்டர்கள் அடிச்சட்டத்தைவிட்டுப் போகிக்கே போய்விட்டன. ஒரு போகிக்கு 8 அங்குலச் சிலிண்டர் இரண்டு. அப்படிப் போனதும் நடுவிலிருந்த நீளமான தண்டுகள், லீவர்கள் எல்லாம் காணாமல் போய், பெட்டியின் அடிவயிறு சட்டென்று காலியாகத் தெரியும். இந்த வித்தியாசத்தைக் காட்டுகிற விலைக்கு வரும் மாடல் எதையும் நான் பார்த்ததில்லை. இதை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

அடுத்தது டைனமோ. அதை ஆல்டர்னேட்டர் என்று சொல்லவேண்டும் என்பார்கள். ஷெட்டில் டைனமோ என்றுதான் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஏசி இல்லாத பெட்டியில் 4.5 கிலோவாட் டைனமோ ஒரு போகியில் மட்டும் தொங்கும். அச்சிலிருக்கும் புல்லியிலிருந்து நான்கு வி-பெல்ட்கள் அதைச் சுற்றும். மற்ற போகியில் ஒன்றும் இருக்காது. தன் மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் ஏசி பெட்டியில் 25 கிலோவாட் டைனமோ. ஒவ்வொன்றுக்கும் பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு பெல்ட்கள். பேட்டரியும் அதற்கேற்ப: சாதாரணப் பெட்டிக்கு 110 வோல்ட்டில் 120 ஆம்பியர்-மணி, ஏசிக்கு 1,100 ஆம்பியர்-மணி. கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. ஸ்லீப்பருக்கும் ஏசிக்கும் ஒரே பேட்டரிப் பெட்டியை மாட்டிய மாடல் ஏன் உறுத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம்.

பிறகு 2010களில் பயோ டாய்லெட். அதற்கு முன் பெட்டியின் முனைகளில் கழிவுக் குழாய் மட்டும் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். போகிக்கும் பஃபருக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். இப்போது அந்த இடத்தில் நான்கு மூலையிலும் எவர்சில்வர் தொட்டிகள். பெட்டியின் முனையே கனத்துவிட்டது. நீங்கள் மாடலில் 2005ஐக் காட்டுகிறீர்களா 2018ஐக் காட்டுகிறீர்களா என்று முடிவுசெய்ய இந்த நான்கு தொட்டி போதும்.

ஐசிஎஃப் வடிவத்துக்குப் பின் வந்த எல்ஹெச்பி பெட்டி வேறு உலகம். உடல் நீளம் 23,540 மி.மீ.; மாடலில் 270ஐத் தாண்டும். சக்கரத்தை நெரிக்கும் பிரேக் கட்டை கிடையாது, அச்சில் டிஸ்க். மின்சாரம் பவர் காரிலிருந்தோ எஞ்சினிலிருந்தோ வருவதால் டைனமோ இல்லை. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுதவேண்டும். இங்கே ஐசிஎஃப்தான்.

வெளிநாட்டு மாடல் புத்தகங்களைப் படித்துவிட்டுத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்துப் பழைய பெட்டிகளுக்கு அடிச்சட்டத்தில் ட்ரஸ் கம்பிகள் கட்டச் சொல்வார்கள். மரப்பெட்டியைத் தாங்க அது தேவைப்பட்டது. பெரம்பூரில் 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஐசிஎஃப், சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்தின் வடிவமைப்பை எடுத்துக்கொண்டது. அதில் தரையும் சுவரும் கூரையும் சேர்ந்தே பாரத்தைத் தாங்கும். தொழிற்சாலையின் பெயரிலேயே 'இன்டெக்ரல்' இருப்பது அதனால்தான். ஐசிஎஃப் மாடலுக்கு ட்ரஸ் கம்பி கட்டவேண்டாம்.

இனி வேலை. எதையும் வெட்டுவதற்கு முன் ஒரு குறிப்பிட்ட பெட்டியைத் தேர்ந்துகொள்ளுங்கள். 'ஒரு ஸ்லீப்பர்' போதாது. எண்ணோடு ஒரு பெட்டி. பழைய ஐந்து இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் கட்டப்பட்ட ஆண்டு. கடைசி மூன்று இலக்கம் வகை. 201 முதல் 400 வரை ஸ்லீப்பர், 401 முதல் 600 வரை பொதுப்பெட்டி, 701 முதல் 800 வரை லக்கேஜ்-கார்டு வேன். 98இல் தொடங்குகிற எண் கண்ணில் பட்டால் 1998இல் கட்டிய பெட்டி. அதன் பக்கவாட்டுப் படம் ஒன்று வேண்டும். தாழ்ந்த பிளாட்பாரத்திலிருந்தோ, கேட்டுக்கு வெளியே பாதுகாப்பாக நின்றோ, தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். கிட்டே நின்று எடுத்தால் ஓரங்கள் வளைந்து அளவு கெடும். தண்டவாளத்தில் இறங்குவதோ, நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டுவதோ கூடவே கூடாது. எந்த மாடலும் அதற்கு ஈடாகாது.

அந்தப் படத்தை, போகியின் இரண்டு அச்சு மையங்களுக்கு நடுவே சரியாக 33.3 மி.மீ. வரும்படி சிறிதாக்கி அச்செடுங்கள். ஜெராக்ஸ் கடையில் ஐந்து நிமிஷ வேலை. இப்போது அந்தத் தாள் ஹெச்ஓ அளவு வரைபடம். பேட்டரிப் பெட்டியின் நீளம், தொட்டியின் விட்டம் எல்லாவற்றையும் ஸ்கேலை வைத்து நேராக அளக்கலாம். சக்கரத்தின் விட்டத்தை அளவுகோலாக வைக்காதீர்கள். சக்கரம் தேயும், கடைசல் பிடிப்பார்கள், 915 என்பது புதிதாக இருக்கும்போது மட்டும். அச்சுகளுக்கு இடையிலான தூரம் தேயாது.

பொருள்களைப் பற்றி எழுதும்போது எனக்கு உற்சாகம் கூடிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். இறக்குமதி பிளாஸ்டிக் தகடு, பித்தளைக் கம்பி எல்லாம் நல்லவைதான். ஆனால் நம் வட்டாரத்தில் இருப்பதை வைத்தே முக்கால்வாசியை முடித்துவிடலாம்.

சிவகாசி அச்சகங்களில் அச்சடித்து முடித்த ஆஃப்செட் பிளேட்டுகள் பழைய சாமான் கடைக்கு வரும். சுத்தமான மெல்லிய அலுமினியத் தகடு, 0.15 மி.மீ.யிலிருந்து 0.3 மி.மீ. வரை கனம். 87ஆல் பெருக்கிப் பாருங்கள்: 13 மி.மீ.யிலிருந்து 26 மி.மீ. வரை. தொங்கு பிராக்கெட்டுகளுக்கும் தாங்கிகளுக்கும் அசலுக்கு வெகு கிட்டத்தில் வருகிற கனம். கத்திரியாலேயே வெட்டலாம், மடித்தால் மடிப்பு கூர்மையாக நிற்கும். ஒட்டும் முன் உப்புத்தாளால் தேய்க்கவேண்டும். இல்லையென்றால் ஃபெவிக்விக் பிடிக்காது. அதே அச்சகங்களின் அட்டைத் துண்டுகளும் பயன்படும். அட்டையைப் பெட்டியாக மடித்து ஒட்டி, மேலே ஃபெவிக்விக்கை ஊறவிட்டால் காய்ந்ததும் பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாகிவிடும், தேய்க்கலாம், துளையிடலாம். என் பேட்டரிப் பெட்டிகள் பலவும் அட்டைதான்.

குழாய்களுக்கு மோட்டார் ரீவைண்டிங் கடை. 27 கேஜ் காப்பர் கம்பி 0.42 மி.மீ.; பிரேக் பைப்புக்கும் ஃபீட் பைப்புக்கும் போதும். சுருளிலிருந்து எடுத்த கம்பி நெளிந்திருக்கும். ஒரு முனையை வைஸில் பிடித்து மறுமுனையைக் குறட்டால் இழுங்கள். கம்பி லேசாக நீள்வது கைக்குத் தெரியும். அந்த நொடியில் அம்பு போல நேராகிவிடும். பிரேக் சிலிண்டரின் தண்டுக்கு 26 கேஜ் ஊசி, மருந்துக்கடையில் புதிதாக வாங்கியது. அதன் வெளிவிட்டம் 0.46 மி.மீ. உள்ளே இன்னும் மெல்லிய கம்பியைச் செருகினால் ஒன்றுக்குள் ஒன்று போகும் பிஸ்டன் தண்டு கிடைத்துவிடும்.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு மட்டும் வாய்த்த ஒன்று இருக்கிறது. 1936இல் ராஜபாளையம் மில்ஸ் வந்த நாள்முதல் இது நூற்பாலை ஊர். நூற்கும் ரிங் ஃப்ரேமில் ஒவ்வொரு கதிரையும் சுற்றி ஓடுகிற சின்ன எஃகு வளையம், 'சி' எழுத்து வடிவில் இருக்கும், டிராவலர் என்பார்கள். தேய்ந்ததும் மொத்தமாக மாற்றிவிடுவார்கள். பழையவை கழிவுக்குப் போகும். பெட்டிக்கு அடியில் பிரேக் தண்டு அறுந்தால் தண்டவாளத்தில் விழாமல் பிடித்துக்கொள்ள இரும்பு வளையம் தொங்கவிட்டிருப்பார்கள். அதற்கு இந்த டிராவலர் அப்படியே பொருந்துகிறது. மில்லில் வேலைபார்க்கும் ஒரு அண்ணாச்சியிடம் கேட்டேன். "இதைப் போயி என்ன செய்யப்போற தம்பி?" என்றார். செய்து முடித்த பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த வாரம் அளவுவாரியாகப் பிரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். டிராவலர் நன்றாகக் கடினமாக்கிய எஃகு. வளைக்கப் பார்த்தால் ஒடிந்து தெறிக்கும். இருக்கிற வடிவத்திலேயே பயன்படுத்துங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

டைனமோ பெல்ட்டுக்கும் மில் பொருள்தான், நூல். அசல் வி-பெல்ட்டின் மேலகலம் 22 மி.மீ.; மாடலில் கால் மி.மீ. 20ஆம் நம்பர் நூலை இரட்டை இழையாக முறுக்கினால் அதற்குக் கொஞ்சம் தடிமனாக வரும். கறுப்புச் சாயமேற்றி, மெழுகுவர்த்தியில் இழுத்துப் பிசிரை அடக்கிவிட்டால் தடிமனும் சற்றுக் குறையும். நான்கு இழைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டவேண்டும். உண்மையான அச்சில் சுற்றினால் சக்கரம் ஓடாது. ஆகவே அச்சைத் தொடாதபடி அரைவட்டப் புல்லி ஒன்றைப் போகிச் சட்டத்தில் பொருத்தி, பெல்ட்டை அதில் ஒட்டிவிடுங்கள். பக்கவாட்டில் பார்க்கிறவருக்கு அச்சைச் சுற்றி வருவதாகவே தெரியும்.

பிரேக் கட்டைகள்தான் பொறுமையைக் கேட்கும் வேலை. ஒரு சக்கரத்துக்கு இரண்டு. பெட்டிக்கு மொத்தம் பதினாறு. ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரில் சக்கரத்தை ஒட்டி முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு சொல்லாமலே விளங்கும்: இரும்புக்கு மேல் கட்டை நெரிக்கிறது, வண்டி நிற்கிறது. தேரில் அது அடியிலிருந்து ஆள் கையால் வருகிறது. ரயிலில் இரண்டு பக்கமிருந்தும் லீவரால் வருகிறது. மாடலில் கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவே அரை மி.மீ. இடைவெளி விடுங்கள். உலோகக் கட்டையாக இருந்து சக்கரத்தைத் தொட்டால் ஷார்ட் ஆகும். அட்டையிலோ பிளாஸ்டிக்கிலோ செய்வது நல்லது.

இங்கே ஒரு அடிப்படைச் சிக்கலைச் சொல்லியாக வேண்டும். ஹெச்ஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. அது ஐரோப்பிய, அமெரிக்க 1,435 மி.மீ. பாதைக்கான கணக்கு. நம் அகலப்பாதை 1,676, ஹெச்ஓவில் 19.3 வரவேண்டும். ஒவ்வொரு பக்கமும் சக்கரம் 1.4 மி.மீ. உள்ளே தள்ளி நிற்கிறது. போகிச் சட்டத்தை அசல் அகலத்தில் வைத்தால் சக்கரம் நிழலில் மறைந்துபோகும். அதற்காகப் போகியைக் குறுக்குகிற மாடல்கள் உண்டு, அது தப்பு. பெட்டியின் கம்பீரமே போய்விடும். போகியின் வெளி அகலத்தை விடாதீர்கள். உள்பக்கம் சட்டத்தைத் தடிப்பாக்கி, பிரேக் கட்டையைச் சக்கரத்தின் நேருக்கு உள்ளே கொண்டுபோய், சக்கர முகத்துக்கு மற்றதைவிடச் சற்று வெளிறிய துருநிறம் கொடுங்கள். கண் சக்கரத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். மீட்டர் கேஜ் செய்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1,000 மி.மீ. ஹெச்ஓவில் 11.5, கிடைக்கிற மீட்டர் கேஜ் தண்டவாளம் 12 மி.மீ. அரை மி.மீ. வித்தியாசம் யாருக்கும் தெரியாது. பழைய ராஜபாளையம் ஸ்டேஷனைச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

வளைவு இன்னொரு எதிரி. அசலில் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆரத்தில் போகிற வண்டியை நாம் மேஜையில் 438 மி.மீ. ஆரத்தில் திருப்புகிறோம். அந்த வளைவில் போகி ஏறக்குறைய 11 டிகிரி திரும்பும். சக்கரத்தின் ஓரம் பக்கவாட்டில் 4 மி.மீ. நகரும். போகிக்கு அருகே தொங்கும் எதுவும் அந்த வழியில் நிற்கக்கூடாது. முதல் அடி வாங்குவது பயோ டாய்லெட் தொட்டிதான். அடுத்தது உள்பக்கக் குழாய் வளைவுகள். எதையும் ஒட்டும் முன் பெட்டியை வளைவில் நிறுத்திப் போகியை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, சக்கரம் போய்வருகிற எல்லையைப் பென்சிலால் அடிப்பாகத்தில் கோடு போட்டுவிடுங்கள். கோட்டுக்குள் எதுவும் வேண்டாம். இடம் இருந்தால் ஆரத்தை 600க்குக் கொண்டுபோங்கள். நகர்வு 3 மி.மீ.க்கு இறங்கும், தொட்டி சரியான இடத்தில் உட்காரும். வளைவுக்காகத் தொட்டியைச் சிறிதாக்குவதைவிட வளைவைப் பெரிதாக்குவதே என் கட்சி.

எடையும் இங்கேதான் வைக்கவேண்டும். அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் பரிந்துரைக்கும் கணக்குப்படி ஹெச்ஓ பெட்டிக்கு ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். நம் ஐசிஎஃப் பெட்டிக்கு 165 கிராம் அளவுக்கு வரும். அதைக் கூரைக்குள் ஒளித்தால் வளைவில் சாயும். பேட்டரிப் பெட்டியின் உள்ளே இரும்பு நட்டுகளை அடுக்கி ஒட்டிவிட்டால் எடை கீழே இறங்கும், வண்டி தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு ஓடும்.

நிறத்தைப் பற்றி, கோச் பராமரிப்பில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் சொன்னதை நான் விதியாகவே வைத்திருக்கிறேன். "ஓடுற வண்டியில எது ஆடுதோ அது பளபளன்னு இருக்கும் தம்பி. ஆடாத இடத்துல தூசி உக்காந்துரும். எண்ணெய் இருக்க இடத்துல தூசி சேறாகிரும்." அதன்படி பிரேக் தண்டின் மூட்டுகளில் பென்சில் கரியைத் தேய்த்து உலோக மினுமினுப்பு. பேட்டரிப் பெட்டியின் மேல்விளிம்பில் மண்நிறத் தூசி. டேஷ்பாட் (அதிர்வைத் தணிக்கும் எண்ணெய் உருளை) இருக்கும் ஸ்பிரிங்குகளைச் சுற்றி எண்ணெய் கசிந்த கருப்பு. வார்ப்பிரும்புப் பிரேக் கட்டை ஓடிய காலத்துப் பெட்டிக்குப் போகியெல்லாம் துருச்சிவப்பு படிந்திருக்கும். கலவைக் கட்டை வந்த பிறகு அது சாம்பல் கலந்த கருப்பாகிவிட்டது. இங்கேயும் வருஷம் தெரிகிறது. நம் பாதையின் தூசிக்குக் கரிசலும் செம்மண்ணும் கலந்து வேண்டும். நான் அந்தந்த ஊர் மண்ணையே வெயிலில் காயவைத்து, மெல்லிய துணியில் சலித்து, மேட் வார்னிஷ் ஈரமாக இருக்கும்போது தூவுகிறேன். வாங்கிய பொடியில் அந்த நிறம் வருவதில்லை. பெட்டி முழுக்க ஒரே பழுப்பை ஸ்ப்ரே அடித்துவிட்டுப் 'பழசாக்கிவிட்டேன்' என்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

பெரம்பூர் ரயில் அருங்காட்சியகத்தில் பழைய பெட்டிகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சென்னை போகிறவர்கள் ஒரு பொழுது ஒதுக்குங்கள். ஓடும் வண்டியில் கிடைக்காத நிதானம் அங்கே கிடைக்கும்; எந்தத் தண்டு எதோடு சேர்கிறது என்று விரல் வைத்துப் பின்தொடரலாம்.

ஐசிஎஃப் தன் பழைய வடிவப் பெட்டியின் கடைசி ஒன்றை 2018 ஜனவரியில் அனுப்பிவைத்தது. இருப்பவை ஒவ்வொன்றாகக் கழிக்கப்படுகின்றன. பல பெட்டிகள் ஜன்னல் அடைக்கப்பட்டு கார் ஏற்றும் சரக்கு வண்டிகளாகிவிட்டன. ஆகவே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஐசிஎஃப் பெட்டி நிற்கக் கண்டால் பக்கவாட்டில் அடிப்பாகம் முழுதும் விழும்படி, எண்ணும் தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். வீட்டு ஆல்பத்தில் மீட்டர் கேஜ் காலத்து ஸ்டேஷன் படம் இருந்தால், யாரையோ வழியனுப்பப் போனபோது எடுத்ததாக இருந்தாலும், பின்னால் நிற்கும் பெட்டியின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். வேக்குவம் சிலிண்டர் ஓரமாகத் தெரிந்தால்கூடப் போதும். அந்தப் படத்தை ஸ்கேன் செய்து, ஊரும் வருஷமும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். மாடல் செய்கிறவர் யாராவது கேட்டால் மறுக்காமல் கொடுங்கள்.